வீட்டுக் குழாயிலிருந்து சொட்டுநீர்

செம்பரம்பாக்கம் ஏரி 2019 கோடையில் வறண்டதை ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மக்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொல்லைக் கத்தரி, வெண்டைக்குச் சொட்டுநீர் அமைத்தால் குறைந்த நீரே போதும்.

மேல்நிலைத் தொட்டிக் குழாயில் முதலில் நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு, அடுத்து வலை வடிகட்டி, பிறகு 16 மி.மீ. கறுப்புக் குழாய் எனப் பொருத்தவும். வால்வை விட்டுவிட்டால், அழுத்தம் குறையும்போது தோட்டத்து அழுக்கும் உரநீரும் வீட்டு நீரில் கலக்கக்கூடும்.

செடிக்கு ஒரு சொட்டுவான் செருகவும். மணிக்கு 4 லிட்டர் என்பது 10 மீட்டர் உயர அழுத்தத்திற்கே. 5 மீட்டர் எனில் சாதாரணச் சொட்டுவான் ஏறத்தாழ 3 லிட்டரே தரும். ஆகவே பாத்திரம் வைத்து அளந்து, பாசன நேரத்தை நிர்ணயிக்கவும்.

வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, குழாயின் கடைசி மூடியைத் திறந்து கசடை வெளியேற்றவும்.