கொட்டகையில் பிறந்த வேகம்

நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரத்து பர்ட் மன்ரோ 1920-இல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிள், மணிக்கு சுமார் 90 கிலோமீட்டருக்கு மேல் போகாது. வீட்டுக் கொட்டகையிலேயே நாற்பதாண்டுகளுக்கு மேல் அதைக் குடைந்துகொண்டிருந்தார். பழைய உலோகத்தை உருக்கித் தகர டப்பாக்களில் பிஸ்டன் வார்த்தார். டிராக்டர் அச்சிலிருந்து கனெக்டிங் ராடுகளைக் கையாலேயே அராவி எடுத்தார். பொறுமைதான் அவருடைய பெரிய முதலீடு. 600 சிசி இன்ஜின் 950 சிசி ஆனது. உடைந்த பாகங்களோ ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’ என்று எழுதிய அலமாரிக்குப் போயின.

காற்றின் தடையைக் குறைக்க வண்டிக்கு நீள உறை போர்த்தி, 1967-இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் ஓட்டினார். வயது 68. ஆயிரம் சிசிக்கு உட்பட்ட பிரிவில் உலக சாதனை. கணக்குப் பிழை 2014-இல் திருத்தப்பட்டதும் அந்த வேகம் மணிக்கு 184.087 மைல், அதாவது சுமார் 296 கிலோமீட்டர் என்று பதிவானது.