வளர்ப்புத் தவளைகள்: காட்டில் பிடித்தவையும் காப்பில் பிறந்தவையும்

கண்ணாடித் தொட்டிகளில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் தவளைகள் இரண்டு வழிகளில் சந்தைக்கு வருகின்றன. ஒரு பகுதி காட்டிலிருந்து பிடித்து வரப்படுகிறது. மற்றொரு பகுதி மனிதர் பராமரிப்பில் முட்டையிலிருந்து பொரிந்து வளர்கிறது. இவற்றில் எதை வாங்குவது அறமாகும், அல்லது எதையுமே வாங்காதிருப்பதுதான் அறமா என்பது இருவாழ்விகளின் பாதுகாப்போடு பிணைந்த கேள்வி. உலகில் அறியப்பட்ட இருவாழ்வி இனங்களில் ஏறத்தாழ 41 விழுக்காடு அழிவாய்ப்பில் உள்ளதாக 2023-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. காடழிப்பு, நோய், காலநிலை மாற்றம் ஆகியவை இதற்கு முதன்மைக் காரணங்கள். செல்லப்பிராணி வணிகம் எல்லா இனங்களையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஆனால் சிறிய பரப்பில் மட்டும் வாழும் அழகிய இனங்களுக்கு அது பேரிடியாக அமையக்கூடும்.

நச்சு அம்புத் தவளைகள்

இக்கேள்வியைத் தெளிவாக விளங்கிக்கொள்ள உதவுபவை நடு, தென் அமெரிக்க மழைக்காடுகளில் வாழும் நச்சு அம்புத் தவளைகள். இவற்றுள் சில கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பளிச்சிடும் நிறங்களே இவற்றுக்கு உலகச் சந்தையில் விலையைத் தேடித் தந்தன. கொலம்பியாவின் பசிபிக் கரையோர எம்பெரா பழங்குடியினர் தங்க நச்சுத் தவளையின் தோல் நஞ்சை ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடினர். குடும்பம் முழுவதற்கும் இப்பெயர் வந்தது அதனால்தான்.

இத்தவளைகள் தம் நஞ்சைத் தாமே உருவாக்குவதில்லை. காட்டில் உண்ணும் எறும்பு, சிலந்திப்பேன் போன்ற நுண்ணிய உயிர்களிலிருந்து பெற்றுத் தோலில் சேமிக்கின்றன. பழ ஈக்களை உண்டு தொட்டியில் வளரும் தவளைக்கு அந்த நஞ்சு இருப்பதில்லை. ஆகவே காப்பில் பிறந்த தவளை வளர்ப்பவருக்கு ஆபத்தற்றது.

ஒரு தவளையைப் பிடித்தால் எத்தனை போகும்?

ஊஃபகா என்ற பேரினத்தின் பெயருக்கு 'முட்டை உண்ணி' என்று பொருள். இப்பேரினத்தில் தாய்த் தவளை, தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து சென்று, இலைக்கணுக்களில் தேங்கும் சிறு நீரில் தனித்தனியாக விடுகிறது. பின்னர் திரும்பத் திரும்ப வந்து கருவுறாத முட்டைகளை இட்டு அவற்றுக்கு உணவூட்டுகிறது. தலைப்பிரட்டைகளுக்கு வேறு உணவு இல்லை.

அந்தத் தாயைப் பிடித்துவிட்டால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். கணக்கில் வருவது ஒரு தவளை. ஆனால் காத்திருக்கும் தலைப்பிரட்டைகள் அனைத்தும் பசியால் மடியும். ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செல்லும் குளத்துத் தவளைக்கும், சில குஞ்சுகளைப் பேணி வளர்க்கும் இவ்வினத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. 'சில தவளைகளைப் பிடித்தால் காடு குறைந்துவிடுமா?' என்ற கேள்விக்கு எல்லா இனங்களுக்கும் ஒரே விடை சொல்ல முடியாது.

இப்பேரினத்தைச் சேர்ந்த லேமன் நச்சுத் தவளை கொலம்பியாவின் மேற்கே மிகச் சிறிய பகுதியில் மட்டும் வாழ்கிறது. மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. கடத்தலின் முதன்மை இலக்குகளில் இதுவும் ஒன்று. பிடிக்கப்படும் நச்சுத் தவளைகள் புகைப்படச் சுருள் டப்பிகளில் அடைக்கப்பட்டு விமானம் ஏறுகின்றன. 2024 சனவரியில் பொகோட்டா விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியில் இவ்வாறு 130 தவளைகள் பிடிபட்டன. தவளை தோலாலும் மூச்சுவிடும் உயிர். தோல் காய்ந்தால் இறந்துவிடும். எனவே இத்தகைய பயணத்தில் பல வழியிலேயே மடிகின்றன.

நோய் என்னும் மறைமுக விலை

வணிகத்தின் தீங்கு பிடிபட்ட தவளையோடு நிற்பதில்லை. கைட்ரிட் பூஞ்சை இருவாழ்விகளின் தோலைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தை நிறுத்திவிடுகிறது. 2019-இல் வெளியான ஆய்வொன்று, 501 இனங்களின் வீழ்ச்சியோடும், அவற்றுள் 90 இனங்களின் அழிவோடும் இப்பூஞ்சையைத் தொடர்புபடுத்தியது. மரபணு ஆய்வுகள் இதன் பிறப்பிடம் கிழக்காசியா எனக் காட்டுகின்றன. அங்கிருந்து கண்டங்கள் தாண்டிப் பரவியதில் உயிருள்ள இருவாழ்விகளின் வணிகத்துக்குப் பங்குண்டு. வெவ்வேறு நாட்டுத் தவளைகளை ஒரே கிடங்கில் வைப்பதும், தொட்டிக் கழிவுநீரை வெளியே கொட்டுவதும், சலித்துப்போன செல்லப்பிராணியை அருகிலுள்ள குளத்தில் விடுவதும் நோய்க்கு வழி திறக்கின்றன. காப்பில் பிறந்த தவளையும் நோய் சுமக்கலாம். எனினும் தனிமைப்படுத்திப் பரிசோதிக்கப்பட்ட கூட்டத்தில் அந்த ஆபத்து குறைவு.

காப்பில் பிறந்தது என்றால் குற்றமற்றதா?

மேற்கண்டவற்றைப் படித்தால் காப்பில் பிறந்த தவளையே சரி என்ற முடிவுக்கு எளிதாக வரலாம். ஆனால் மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, சொல்லில் உள்ள ஏமாற்று. அருகிய காட்டுயிர் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்ஸ் உடன்படிக்கை 1975 முதல் நடைமுறையில் உள்ளது. நச்சு அம்புத் தவளைகளில் முக்கியப் பேரினங்கள் 1987-இல் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்த உடன்படிக்கையின்படி 'காப்பில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது' என்று சொல்ல, பெற்றோர் காப்பிலேயே இணைந்திருக்க வேண்டும். மூலக் கூட்டம் சட்டப்படி பெறப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறையை உருவாக்கும் திறனும் காட்டப்பட வேண்டும். காட்டிலிருந்து முட்டையை எடுத்து வந்து தொட்டியில் பொரிக்க வைப்பது இதில் அடங்காது. ஆனால் சில விற்பனையாளர்கள் அதையும் 'காப்பில் பிறந்தது' என்றே விற்கின்றனர். காட்டில் பிடித்ததற்கே பொய்ச் சான்று எழுதுவதும் உண்டு.

இரண்டாவது, மூலம் பற்றிய கேள்வி. ஒரு நாடு ஏற்றுமதிக்கு அனுமதியே தராத இனம் வேறொரு நாட்டில் தாராளமாக வளர்கிறது என்றால், அதன் முதல் பெற்றோர் எப்படி அங்கு சென்றன? இன்றைய குஞ்சு தொட்டியில் பிறந்திருக்கலாம். அதன் பாட்டி கடத்தப்பட்டதாக இருக்கலாம். அந்த இலாபத்தில் காட்டுக்கோ அதன் அருகில் வாழும் மக்களுக்கோ ஒரு காசும் போவதில்லை.

மூன்றாவது, காப்பு வளர்ப்பு காட்டைக் காப்பாற்றுவதில்லை. தவளையின் உறவினமான அசோலாட்டல் இதற்குச் சான்று. மெக்சிகோவின் இவ்வுயிர் இன்று உலகெங்கும் ஆய்வகங்களிலும் வீடுகளிலும் பெருந்தொகையாக வளர்கிறது. ஆனால் அதன் தாயகமான சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998-இல் சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 இருந்த எண்ணிக்கை, 2014 வாக்கில் 36 ஆகச் சரிந்தது. தொட்டியில் நிறைந்திருப்பது காட்டில் நிறைந்திருப்பதற்கு ஈடாகாது.

காட்டுப் பிடிப்பு எப்போதாவது சரியாகுமா?

சரியாகும் இடங்களும் உண்டு என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றில் பார்சிலோஸ் பகுதி மக்கள் கார்டினல் டெட்ரா என்னும் சிறு மீனைப் பிடித்து விற்கின்றனர். அம்மீன் பெருந்திரளாகப் பெருகுவது. நீர் வற்றும் காலத்தில் பெருமளவு தானாகவே மடிவது. மீனால் வருமானம் கிடைப்பதால், அது வாழும் காட்டைக் காக்க மக்களுக்குக் காரணமும் கிடைக்கிறது.

இந்த வாதத்தைத் தவளைக்கு அப்படியே பொருத்த முடியாது. விரைவாகப் பெருகும் இயல்பு, பரந்த வாழிடம், எண்ணிக்கையைக் கண்காணிக்கும் ஏற்பாடு, உள்ளூர் மக்களுக்கு நியாயமான பங்கு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் காட்டுப் பிடிப்பு தாங்கத்தக்கதாகும். லேமன் தவளைக்கு முதல் இரண்டுமே இல்லை.

தாயகத்திலேயே வளர்ப்பு

இரு தரப்புக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. காட்டுயிர் மீட்புப் பணியில் அனுபவம் பெற்ற இவான் லோசானோ கொலம்பியாவில் 'தெசோரோஸ் தெ கொலோம்பியா' என்ற பண்ணையை நிறுவி, அரசின் அனுமதியோடு நச்சுத் தவளைகளை வளர்த்து ஏற்றுமதி செய்கிறார். சட்டப்படி பிறந்த தவளை சந்தையில் கிடைத்தால் கடத்தல்காரரின் விலை சரியும் என்பதே அவருடைய வாதம். இங்கு மூலமும் சட்டப்படியானது. வருமானமும் தவளையின் தாயகத்துக்கே சேர்கிறது. எனினும், தாய் முட்டையூட்ட வேண்டிய இனங்கள் மெதுவாகவே பெருகும் என்பதால் விலை உயர்வாகவே இருக்கும். அந்த உயர்விலை கடத்தலுக்கும் தூண்டுதல் என்பதை மறக்கக்கூடாது.

இந்தியாவில் சட்டநிலை

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் சைட்ஸ் பட்டியல் இனங்களையும் தன்னுள் கொண்டுவந்தது. அவற்றை உயிருடன் வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என 2024-இல் விதிகள் வந்தன. நச்சு அம்புத் தவளை, அசோலாட்டல் ஆகியவை இப்பட்டியலில் உள்ளவை. கடையில் கிடைக்கிறது என்பதாலேயே ஓர் உயிரை வைத்திருப்பது சட்டப்படியானது ஆகிவிடாது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

- பெற்றோர் காப்பில் இணைந்தவையா, அல்லது காட்டு முட்டை தொட்டியில் பொரித்ததா?
- முதல் பெற்றோர் எந்த நாட்டிலிருந்து, எந்த அனுமதியோடு வந்தன?
- பூஞ்சை நோய்ப் பரிசோதனை நடந்துள்ளதா?
- இத்தவளை பல ஆண்டுகள் வாழக்கூடும். அத்தனை காலமும் ஏற்ற ஈரம், வெப்பம், உயிருள்ள இரை ஆகியவற்றைத் தர என்னால் இயலுமா?

முதல் மூன்றுக்கும் விற்பவர் எழுத்தில் விடை தர வேண்டும். தர இயலாவிட்டால் வாங்காதிருப்பதே முறை. நான்காவதற்கு விடை சொல்ல வேண்டியவர் வாங்குபவர். அவரால் சொல்ல முடியாவிட்டால், எவ்வளவு முறையாகப் பிறந்த தவளையும் அவர் வீட்டுக்கு வரக்கூடாது. மழைக்காலத்தில் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் தவளைகளை அவற்றின் இடத்திலேயே பார்த்துக் கேட்டு அறிவதற்கு எந்த அனுமதிச் சீட்டும் தேவையில்லை.