பிள்ளைகளின் சினமும் உள்ளே உறையும் அச்சமும்

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பாலகர். அவர் வளர்த்த சின்னஞ்சிறு பறவை இறந்துவிட்டது. அவ்வீட்டுக்கு வருகை தந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவரின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் வினவினார்கள். அப்பறவையைப் பற்றியே அன்புடன் பேச்சுக் கொடுத்தார்கள். ஒரு பறவைக்கா இத்தனை துயரம் என்று கடிந்துகொள்ளவில்லை.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? பள்ளிக்கூடம் என்றதும் வயிற்றுவலி என்கிறான் மகன்; வற்புறுத்தினால் புத்தகத்தை வீசி எறிகிறான். மகளோ அற்பக் காரணத்துக்கு அலறிக் கதவைத் தாழிடுகிறாள். திமிர் என்கிறார் தந்தை. கண்ணேறு என்கிறார் பாட்டி. அச்சம் மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், வயிறு புரட்டும் என்பர் மருத்துவர். அதைச் சொல்லத் தெரியாத பிள்ளை சினமாகக் கொட்டிவிடுகிறது. அந்த வயிற்றுவலி பெரும்பாலும் பொய்யன்று.

இவ்வுண்மை நம் முன்னோர்க்குப் புதிதன்று. கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தோடு உள்ள நலத்தையும் பற்றித் தனி நூல் யாத்தவர். சினம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணம் ஆகியவற்றுக்கு அதில் பரிகாரம் கூறினார். ஈமான் குறைந்தவர்க்கே அச்சம் வரும் என்று சிலர் பேசுவது அறியாமை. மூஸா (அலை) அவர்களின் உள்ளத்திலும் அச்சம் எழுந்ததைத் திருமறை மறைக்கவில்லையே!

ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். அஞ்சும் சிறுவனைப் பிரம்பால் அடித்தால் அச்சம் இரட்டிக்கும். பின்னர் குர்ஆனைத் திறக்கவே அவன் கை நடுங்கும். அந்தப் பாவம் யாரைச் சேரும்? பத்தாண்டுகள் பணி செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளாதவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

பிள்ளை கத்தும் வேளையில் உபதேசம் ஏறாது. சினம் வந்தால் நிற்பவர் அமர வேண்டும் என்ற நபிவழி முதலில் பெற்றோருக்கே உரியது. அமைதி திரும்பியபின் அருகமர்ந்து, எதற்கு அஞ்சுகிறாய் என்று கேளுங்கள். பள்ளியில் எவரேனும் துன்புறுத்துகின்றனரா என்றும் விசாரியுங்கள். அவ்வாறு ஏதுமில்லையெனில் பள்ளியை நிறுத்திவிடாதீர்கள். விலக விலக அச்சம் வளரும். சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

வாரக்கணக்கில் உணவும் உறக்கமும் குலைந்தால் மனநல மருத்துவரை நாடுங்கள். துஆ ஓதி ஊதுவதற்குத் தடையில்லை. தாயத்தோடு நின்றுவிடுவதே தவறு. பிணிக்கு மருந்து தேடப் பணித்த மார்க்கம் இது. மருத்துவர் அருகில் இல்லாத ஊரினர், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.