பல்பு போனதா, மொத்த லைட்டும் போனதா? எஸ்யூவி டெயில் லைட்டைக் கழற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வண்டியில் இருக்கும் விளக்குகளிலேயே ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்று டெயில் லைட்தான். ஹெட்லைட் ஒன்று அணைந்தால் அன்று இரவே தெரிந்துவிடும். பின்பக்கம் பிரேக் லைட் ஒன்று எரியவில்லை என்றால் மாதக்கணக்கில்கூட தெரியாமல் போகலாம். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பைக்காரர் கண்ணாடியைத் தட்டிச் சொன்னால்தான் உண்டு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், விபத்து வகைகளில் அதிகம் இருப்பது பின்னாலிருந்து வந்து மோதும் விபத்துதான். ஐந்தில் ஒன்றுக்கும் மேல். எல்லாவற்றுக்கும் டெயில் லைட் காரணம் இல்லை. ஆனால் முன்னால் போகும் வண்டி இருப்பதும், அது வேகம் குறைப்பதும் பின்னால் வருபவருக்குத் தெரிய இருக்கும் முக்கிய வழி அந்தச் சிவப்பு விளக்குதான்.

இன்றைய எஸ்யூவிகளில் இந்த விளக்கின் அமைப்பே மாறிவிட்டது. 10 வருடம் முன்பு வரை பல்பைத் திருகி மாற்றினால் வேலை முடிந்தது. இப்போது சில வண்டிகளில் ஒரே ஒரு எல்இடி போனாலும் மொத்த லைட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா? எப்போது உண்மை? அதைத் தெரிந்துகொள்ள, லைட்டைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

உள்ளே என்னென்ன இருக்கிறது?

வெளியே ஒரே விளக்காகத் தெரிந்தாலும் உள்ளே பல வேலைகள் நடக்கின்றன. இரவில் மங்கலாக எரியும் டெயில் லைட், பிரேக் மிதித்தால் பளிச்சென எரியும் ஸ்டாப் லைட், மஞ்சள் இண்டிகேட்டர், வெள்ளை ரிவர்ஸ் லைட், கரண்டே இல்லாமல் பின்னால் வரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர். சில மாடல்களில் பனிமூட்டத்துக்கான சிவப்பு ஃபாக் லைட்டும் சேர்ந்திருக்கும்.

பெரும்பாலான எஸ்யூவிகளில் இந்த லைட் இரண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டு வண்டியின் பாடியில், இன்னொன்று டிக்கிக் கதவில். 2023ல் புது முகத்தோடு வந்த டாடா நெக்ஸானிலும், 2024ல் வந்த புதிய ஹூண்டாய் க்ரெட்டாவிலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே கோடாக எரிவது போலத் தெரியும். டிக்கியைத் திறந்து பார்த்தால், கோடு துண்டு துண்டாகப் பிரிவது தெரியும்.

டிக்கி திறந்திருக்கும்போது அதோடு சேர்ந்து விளக்கும் மேலே போய்விட்டால் பின்னால் வருபவருக்கு என்ன தெரியும்? அதற்காகத்தான் ஆடி க்யூ7 போல, முழு லைட்டையும் டிக்கிக் கதவிலேயே வைத்த வண்டிகளில், பம்பரில் தனியாக இன்னொரு செட் விளக்கு கொடுத்திருக்கிறார்கள். டிக்கி திறந்ததும் அவை வேலை செய்யும். சுசுகி ஜிம்னியில் இந்தச் சிக்கலே கிடையாது. விளக்கு மொத்தமும் பம்பரில்தான்.

கண்ணாடிக்கு மேலே நடுவில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட் அழகுக்கு வைத்தது அல்ல. அமெரிக்காவில் 1986 மாடல் கார்களில் இருந்து அது கட்டாயம். பின்னாலிருந்து மோதும் விபத்துகள் அதனால் சுமார் 4.3 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டு சாலைப் பாதுகாப்பு அமைப்பு பின்னர் கணக்கிட்டது.

எல்இடி ஏன்?

சாதாரண பல்பில் இழை சூடாகி முழு வெளிச்சம் வர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். எல்இடி உடனே எரியும். 0.2 விநாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்தில் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். க்ரெட்டாவின் நீளமே நாலரை மீட்டருக்குள்தான்.

இன்னொரு விஷயம். எல்இடி டெயில் லைட்டை செல்போனில் வீடியோ எடுத்தால் மின்னி மின்னித் தெரியும். பலர் இதைப் பார்த்து லைட் பழுது என்று பயப்படுகிறார்கள். மங்கலாக எரிய வைப்பதற்காக, எல்இடியைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து எரிய வைக்கிறார்கள். கேமராவுக்கு அது தெரிந்துவிடுகிறது. நேரில் பார்க்கும்போது சீராக எரிந்தால் கவலை வேண்டாம்.

கழற்றாமலே பாதி கண்டுபிடிக்கலாம்

இரவில் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி நிறுத்தி, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் லைட்டைப் பார்க்கும்போது மட்டும் கால் பிரேக்கில் அழுத்தமாக இருக்கட்டும், வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். என்ன எரிகிறது, என்ன எரியவில்லை என்பதே பழுது எங்கே என்று சொல்லிவிடும்.

மூன்று பிரேக் லைட்டும் எரியவில்லையா? மூன்று லைட்டும் ஒரே நாளில் போகாது. பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச் அல்லது பியூஸ்தான் முதல் சந்தேகம். லைட்டைக் கழற்றவே தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்க பல்பு, அல்லது கப்ளர்.

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக 'டிக் டிக்' என அடித்தால், பல்பு வகை வண்டியில் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். வெளியே வாங்கிய எல்இடி பல்பைப் போட்டாலும் இதே சத்தம் வரலாம். கரண்ட் குறைவாக இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்கிறது.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் லேசாக எரிகிறதா? பார்க்கப் பேய் வேலை மாதிரி இருக்கும். உண்மையில் எர்த் சரியில்லை. திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட், பக்கத்து பல்பு வழியாக வழி தேடுகிறது. இதற்குப் போய் மொத்த லைட்டையும் மாற்றினால் காசுதான் வீண். எர்த் ஒயர் இணையும் இடத்தில் துருவைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எப்படிக் கழற்றுவது?

முதலில் வண்டியை ஆஃப் செய்து, சாவியைத் தள்ளி வையுங்கள். எலெக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகளிலும் டெயில் லைட் சாதாரண 12 வோல்ட்டில்தான் ஓடும். ஆனால் ஆரஞ்சு நிற ஒயர் எங்கே கண்ணில் பட்டாலும் கை வைக்கக் கூடாது. அது ஹை வோல்டேஜ்.

பாடியில் இருக்கும் துண்டுதான் சுலபம். டிக்கியைத் திறந்தால், லைட்டின் உள் ஓரத்தில் பொதுவாக இரண்டு போல்ட் தெரியும். சில வண்டிகளில் அதன் மேல் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். 10 நம்பர் ஸ்பானர் அல்லது ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். போல்ட்டை எடுக்கும் முன் கீழே இருக்கும் சந்தில் ஒரு துணியைத் திணித்துவிடுங்கள். போல்ட் நழுவி பாடிக்குள் விழுந்தால், அதைத் தேடும் வேலை லைட் வேலையைவிடப் பெரிசு. பக்கத்து பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போதுதான் பலர் லைட்டை உடைக்கிறார்கள். போல்ட் எடுத்த பிறகும் லைட் அசையாது. ஏனென்றால் வெளி ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாமல், இரண்டு மூன்று பிளாஸ்டிக் ஊசிகள் பாடியில் இருக்கும் ரப்பர் அல்லது கிளிப்பில் செருகி நிற்கும். கதவைத் திறப்பது போல லைட்டைப் பக்கவாட்டில் மடக்கினால் ஊசி உடைந்துவிடும். லைட்டை இரண்டு கையாலும் பிடித்து, வண்டியின் பின்பக்கமாக, நேராக இழுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினால் 'டப்' என்று வெளியே வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். பிளாஸ்டிக் நெம்பி இருந்தால் பயன்படுத்தலாம்.

வந்ததும் தொங்க விடாதீர்கள், ஒயர் குட்டையாக இருக்கும். கப்ளரில் ஒரு லாக் இருக்கும். சிலவற்றில் சிவப்பு நிறத்தில் இன்னொரு லாக்கும் இருக்கும். முதலில் அதை இழுத்துவிட்டு, பிறகு லாக்கை அமுக்கி கப்ளரைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

டிக்கிக் கதவில் இருக்கும் துண்டு கொஞ்சம் மெனக்கெட வேண்டிய வேலை. உள்பக்க பிளாஸ்டிக் கவரை எடுத்தால்தான் நட்டு தெரியும். பல வண்டிகளில் கவரை கிளிப்புகள்தான் பிடித்திருக்கும். பழைய வண்டியில் ஒன்றிரண்டு உடையும், மாற்று கிளிப் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சில மாடல்களில் டிக்கிக்குள் இருக்கும் ஓர பிளாஸ்டிக்கையும் எடுக்கச் சொல்வார்கள். அதில் 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவதே சரி.

பல்பா, எல்இடியா?

கழற்றிய லைட்டின் முதுகில் திருகும் ஹோல்டர்கள் இருந்தால் நல்ல சேதி. அவை பல்பு. இடதுபக்கம் கால் சுற்று திருப்பினால் வெளியே வரும். பல மாடல்களில் டெயில் லைட் மட்டும் எல்இடி, இண்டிகேட்டரும் ரிவர்ஸும் பல்பு. அதனால் 'இது எல்இடி லைட் சார், மொத்தமா மாத்தணும்' என்று சொன்னால், எந்த விளக்கு போனது என்று கேளுங்கள். போனது பல்பு என்றால் செலவு சில பத்து ரூபாய். மொத்த லைட் என்றால் ஆயிரங்களில்.

டெயிலுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து ஒரே பல்பு இருந்தால் அதில் இரண்டு இழை இருக்கும், 5 வாட் ஒன்று, 21 வாட் ஒன்று. அந்த பல்பின் இரண்டு பக்க முள்ளும் ஒரே உயரத்தில் இருக்காது, மாற்றிப் போடக் கூடாது என்பதற்காக. பலம் கொடுத்து மாற்றித் திணித்தால், டெயில் பளிச்சென்றும் பிரேக் மங்கலாகவும் எரியும்.

முதுகில் ஹோல்டரே இல்லாமல் மூடி இருந்தால், எல்இடியும் அதன் சர்க்யூட்டும் உள்ளேயே சீல் ஆனது. அப்போது மொத்தமாக மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் கப்ளருக்கு கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து இடி வாங்கிய வண்டிகளில் ஒயர் அறுந்திருப்பதும் உண்டு.

உள்ளே தண்ணீர் தெரிந்தால்? மழைக்குப் பிறகு லேசான பனி போலப் படிந்து, லைட் எரிந்த கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது இயல்பு. துளித்துளியாக நின்றாலோ, அடியில் தேங்கினாலோ கசிவு. லென்ஸில் விரிசல் இருக்கிறதா, முதுகில் இருக்கும் ரப்பர் பேக்கிங் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரும்ப மாட்டும்போது போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்குவதாலும் பிளாஸ்டிக் விரிசல் விடும். எல்லா விளக்கையும் ஒருமுறை எரிய வைத்துப் பார்த்த பிறகு போல்ட்டை முடுக்குங்கள்.

எல்லாம் சரி, ஆனால் பின்னால் இருட்டு

டெயில் லைட் நன்றாக இருந்தும் எரியாமல் போவதுதான் இப்போதைய பெரிய ஆபத்து. காரணம் முன்னால் எப்போதும் எரியும் டிஆர்எல். பல வண்டிகளில் டிஆர்எல் எரியும்போது பின்பக்கம் எதுவும் எரியாது. தெரு விளக்கு இருக்கும் ரோட்டில், முன்னால் வெளிச்சம், டேஷ்போர்டிலும் வெளிச்சம். லைட் போட்டுவிட்டோம் என்று ஓட்டுபவர் நினைத்துக்கொள்வார். கனடாவில் இதற்கு 'பேய் வண்டி' என்றே பெயர். 2021 செப்டம்பருக்குப் பிறகு தயாராகும் வண்டிகளில் இதற்குத் தீர்வு இருக்க வேண்டும் என்று அந்நாடு விதி கொண்டுவந்தது. ஆட்டோ ஹெட்லைட் இருந்தாலும் பகலில் பெய்யும் கனமழையில் அது தானாக எரியாமல் போகலாம். அப்போது சுவிட்சைக் கையால் திருப்ப வேண்டும்.

அழகுக்காக டெயில் லைட் மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதும் இதே கதைதான். பகலில் பிரேக் லைட் தெரியவே தெரியாது. பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிற விளக்கு காட்டக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108வது விதி சொல்கிறது. ரிவர்ஸ், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நீலம், ஊதா என வெளியே விற்கும் செட்டை மாட்டினால் அபராதத்துக்கும் தயாராக இருக்க வேண்டும்.

புது லைட் வாங்கப் போகும்போது வண்டியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் கீழ் வேரியண்டுக்கு பல்பு லைட், மேல் வேரியண்டுக்கு எல்இடி லைட் என்று இருக்கும், கப்ளரும் பொருந்தாது. ஆர்சியில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் காட்டிக் கேளுங்கள். இடதா வலதா என்பதை வண்டிக்குள் உட்கார்ந்து முன்னால் பார்த்தபடி சொல்ல வேண்டும், பின்னால் நின்று பார்த்து அல்ல.