இயந்திரத் திருத்தத் தொழிலில் பெண்கள்: ஊவா மலையகம் காணவேண்டிய மாற்றம்

கொழுந்து கிள்ளுவதற்குப் பெண்ணின் விரல்களே பொருத்தமானவை என்று கூறி, தலைமுறை தலைமுறையாக மலையகப் பெண்ணின் முதுகில் கூடையை ஏற்றிவைத்திருக்கிறோம். அதே விரல்கள் ஓர் இயந்திரத்தின் ஆணியைக் கழற்றிப் பூட்டத் தகுதியற்றவை என்றும் நாமே கூறிவருகிறோம். இவ்விரு கூற்றுகளும் எவ்வாறு ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சிந்திப்போர் மிகச் சிலரே.

பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை ஆகிய நகரங்களில் வாகனத் திருத்த நிலையங்களுக்குக் குறைவில்லை. ஏற்றமும் இறக்கமும் வளைவும் மிகுந்த வீதிகளில் ஓடும் வாகனங்களின் பிரேக்கும் கிளச்சும் சமவெளியில் ஓடுவனவற்றை விட விரைவில் தேய்கின்றன. ஆகவே திருத்துவோருக்கு வேலையும் குறைவதில்லை. எனினும், அந்நிலையங்களில் ஸ்பனர் பிடித்து நிற்கும் ஒரு பெண்ணைக் காண்பது அரிது.

தேயிலைத் தொழிற்சாலைகளிலும் நிலைமை இதுவே. ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னவில் 1890 ஆம் ஆண்டு தோமஸ் லிப்டன் நிறுவிய தொழிற்சாலையாயினும் சரி, பின்னர் எழுந்தவையாயினும் சரி, கொழுந்தை அரைக்கும் உருளைகளையும் உலர்த்தும் இயந்திரங்களையும் இயக்குவதும் பழுதுபார்ப்பதும் ஆண்களின் வேலையாகவே இருந்துவருகின்றன. பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் சலித்தலும் தரம்பிரித்தலுமே.

இப்பிரிவினை இயற்கையாக அமைந்ததன்று. அதற்கு வழக்கமும் காரணம், சட்டமும் காரணம். பறித்த கொழுந்தை இரவில் வாட்டி, விடியுமுன்பே அரைக்கத் தொடங்குவது தேயிலைத் தயாரிப்பின் முறை. கைத்தொழில் நிலையங்களில் பெண்களை இரவு வேலைக்கு அமர்த்துவதை 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தது. பெண்களின் பாதுகாப்பைக் கருதிக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடே எனினும், இயந்திரத்தின் அருகே நின்று தொழில் பழகும் வாய்ப்பை அது அவர்களுக்கு மேலும் அரிதாக்கியது. 1984 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, நிபந்தனைகளுடன் இரவு வேலை அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் தோட்டத்துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளமும் கிட்டியது. சட்டம் தளர்ந்துவிட்டது, வழக்கமோ இன்னும் தளரவில்லை.

பெண்ணுக்கு உடல்வலு போதாது என்பது அடுத்த வாதம். செங்குத்தான மலையில் நாள் முழுவதும் ஏறி இறங்கிக் கொழுந்து நிறைந்த கூடையைச் சுமப்பவளிடம் இதைக் கூறுவது வேடிக்கையே. மேலும், இயந்திரத் திருத்தம் வலுவை மட்டும் நம்பிய தொழிலன்று. இறுகிய ஆணியைக் கழற்றத் தேவைப்படுவது நீண்ட பிடியுள்ள ஸ்பனர். வாகனத்தை உயர்த்துவது ஜக். எஞ்சினைத் தூக்குவது சங்கிலிக் கப்பி. இன்றைய வாகனங்களில் பழுதைக் கண்டறிவதற்குக் கணினிக் கருவியே துணை நிற்கிறது. வேண்டப்படுவன கூர்ந்த கவனமும் பொறுமையும் முறையான பயிற்சியுமே.

பயிற்சி கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்துக் கிராமங்களில் கைப்பம்பிகள் பழுதடைந்தால், திருத்துவோர் தொலைவிலிருந்து வரவேண்டும். அதுவரை தண்ணீருக்கு அலைவோர் பெண்களே. 1990 களில் அக்கிராமங்களின் பெண்களுக்கே திருத்தும் பயிற்சி அளிக்கப்பட்டது. எழுத்தறிவற்ற, ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் பம்பியைக் கழற்றித் திருத்திப் பூட்டினர். நமது நாட்டிலும் 1960 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் சேர்ந்த பிரேமளா சிவசேகரம், நாட்டின் முதற் பெண் பொறியியலாளராகப் போற்றப்படுகிறார். பட்டதாரிப் பெண்ணுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் திறந்த கதவு, தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னும் ஏன் மூடிக்கிடக்க வேண்டும்?

முஸ்லிம் குடும்பங்களிலும் இக்கேள்வி எழுவது இயல்பே. சவூதி அரேபியாவில் பெண்கள் வாகனம் செலுத்த 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. அதன்பின் ஜித்தா நகரில் பெண்கள் வாகனத் திருத்தப் பணியிலும் அமர்ந்தனர். ஒழுக்கத்துக்கும் கண்ணியத்துக்கும் ஏற்ற சூழல் அமையுமாயின், பெண் வாடிக்கையாளர் தயக்கமின்றி நாடக்கூடிய இடமாகவும் அத்தகைய நிலையம் விளங்கும்.

இவ்விடயத்தை இனியும் ஒத்திப்போட முடியாமைக்கு ஒரு காரணம் உண்டு. தொழிலாளர் பற்றாக்குறையால் தோட்டங்களுக்குள் கொழுந்து வெட்டும் இயந்திரங்கள் வரத் தொடங்கிவிட்டன. இயந்திரம் வந்ததும் அது பெரும்பாலும் ஆணின் கைக்கே செல்கிறது. கூடையோடு நின்றவள் வேலையின்றி நிற்க நேரிடும். கென்யாவின் கெரிச்சோ பகுதியில் 2023 மே மாதத்தில் இத்தகைய இயந்திரங்கள் தீக்கிரையாக்கப்பட்டமை, வாழ்வாதாரம் பறிபோகும் அச்சத்தின் வெளிப்பாடே. இயந்திரத்தை எரிப்பதனால் அதன் வருகை நின்றுவிடப் போவதில்லை. அதனை இயக்கவும் திருத்தவும் பெண்ணுக்குக் கற்பிப்பதே அவளது பிழைப்பைக் காக்கும் வழியாகும். இல்லையேல் கொழும்பின் வீட்டு வேலையும் வளைகுடா நாடுகளுமே அவளது மகளுக்கும் எஞ்சும்.

செய்யவேண்டியன அரியவையல்ல. தொழிற்பயிற்சி அதிகாரசபையும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையும் நாட்டில் இயங்குகின்றன. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் முறையும் நடைமுறையில் உள்ளது. ஊவாவின் தோட்டப் பிள்ளைகளுக்கு இவை பயன்பட வேண்டுமாயின், இயந்திரத் திருத்தப் பாடநெறி தமிழ்மொழியில், பேருந்தில் சென்று மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் நடைபெற வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் தமது தொழிற்சாலைப் பட்டறைகளில் பெண் பயிலுநர்களைச் சேர்க்க முன்வர வேண்டும். உடைமாற்ற ஓர் அறை, தனிக் கழிப்பறை, தொல்லை நேர்ந்தால் முறையிட ஓர் இடம் ஆகியன இன்றி எந்தப் பெற்றோரும் மகளை அனுப்பமாட்டார்கள். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையின் போது இக்கோரிக்கைகளையும் மேசையில் வைப்பது அவற்றின் கடமையாகும்.

இவற்றோடு வீடுகளிலும் மாற்றம் வரவேண்டும். மகனுக்குத் தொழில் பழக இடம் தேடும் தந்தை, மகளுக்காகவும் அதே கதவைத் தட்டட்டும். நாளைய தோட்டம் இயந்திரங்களை நம்பியே இயங்கப்போகிறது. அதனை இன்றுவரை சுமந்த பெண்களுக்கு அங்கே ஓர் இடத்தை உறுதிசெய்வது நம் அனைவரதும் பொறுப்பாகும்.