இணையக் கூப்பன்: தள்ளுபடியின் சுமை யாருக்கு?

காந்தி ஜயந்தியையொட்டிக் கதர்க் கடைகளில் அளிக்கப்படும் தள்ளுபடியை நாடு நன்கு அறியும். கடைக்குள் நுழைபவர் எவராயினும் அதனைப் பெறுவர். அதன் சுமையை நெடுங்காலம் அரசே ஈடு செய்து வந்தது. கூப்பன் இதனின்றும் அடிப்படையில் வேறுபட்டது. அதனைத் தேடி எடுத்து, உரிய தருணத்தில் நீட்டுபவருக்கு மட்டுமே விலை குறையும். ஏனையோர் முழு விலையையே செலுத்துவர்.

வணிகர் ஏன் இவ்வாறு செய்கிறார்? ஒரே பொருளுக்கு எல்லோரும் ஒரே விலை கொடுக்க ஆயத்தமாக இருப்பதில்லை. ஆளுக்கேற்ப விலையை வேறுபடுத்துவதை ‘விலைப் பாகுபாடு’ என்பர் பொருளியலார். பிகூ 1920-இல் அதனை மூன்று நிலைகளாக வகுத்துக் காட்டினார். 1984-இல் சக்கரவர்த்தி நரசிம்மன் தமது ஆய்வுக் கட்டுரையில் கூப்பனையும் இக்கோட்பாட்டைக் கொண்டே விளக்கினார். கூப்பனைத் தேடும் சிரமமே இங்குச் சல்லடையாகிறது. விலையைப் பொருட்படுத்துவோர் சிரமப்பட்டுத் தேடுவர், மற்றவர் தேடார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். சேலை வணிகர் ஒருவர் 700 ரூபாய் அடக்கமுள்ள சேலையை 1,000 ரூபாய்க்கு விற்கிறார். மாதம் 100 சேலை விற்றால் மொத்த லாபம் 30,000 ரூபாய். அவர் 20 சதவீதக் கூப்பன் வெளியிடுகிறார். கூப்பனில் விற்கும் சேலைக்கு லாபம் 100 ரூபாயே. புதிதாக 40 பேர் கூப்பனுடன் வந்து, பழைய 100 பேரும் முழு விலையே கொடுத்தால் லாபம் 34,000 ரூபாயாக உயரும். ஆனால் அந்த 100 பேரில் 60 பேரும் கூப்பனைக் கண்டுகொண்டால் என்னவாகும்? முழு விலையில் 40 சேலை, கூப்பனில் 100 சேலை; லாபம் 22,000 ரூபாயாகச் சரிந்துவிடும். விற்பனை பெருகியும் லாபம் குறைகிறது. சிறு வணிகர் பலர் முதற் பாதியைக் கணக்கிட்டு, மறுபாதியை மறந்துவிடுகின்றனர்.

இணையம் இச்சல்லடையின் கண்களைப் பெரிதாக்கிவிட்டது. பணம் செலுத்தும் பக்கத்தில் குறியீட்டுக்கென ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுத்துகளை இட்டதும், காலக்கெடு, குறைந்தபட்சக் கொள்முதல், முதல் முறை வாங்குபவரா என்பன போன்ற நிபந்தனைகளைக் கணினி நொடியில் சரிபார்த்துத் தொகையைக் கழிக்கிறது. ஆனால் அக்கட்டத்தைக் கண்டவுடனேயே, முழு விலை கொடுக்க வந்தவரும் குறியீட்டைத் தேடிப் புறப்படுகிறார். குறியீடுகளைத் திரட்டித் தரும் தளங்கள் அவரைத் திரும்ப அனுப்பி, அவ்விற்பனைக்கு வணிகரிடம் தரகு பெறுகின்றன. ஏற்கெனவே வாங்கத் தீர்மானித்து வந்தவருக்காக வணிகர் தள்ளுபடியும் கொடுத்துத் தரகும் கொடுக்கிறார்!

வாங்குபவரும் நிபந்தனைகளைக் கூர்ந்து படித்தல் வேண்டும். ‘50 சதவீதம், அதிக அளவு 100 ரூபாய்’ என்ற கூப்பன் 1,000 ரூபாய்க் கொள்முதலில் 10 சதவீதமே ஆகும். குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காகத் தேவையற்ற பொருளைச் சேர்ப்பவருக்கு அதுவும் மிஞ்சாது. ‘இன்னும் சில நிமிடங்களே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளில் தடை செய்யப்பட்ட 13 உத்திகளுள் ஒன்று.

கழிக்கப்படும் தொகை யார் பையிலிருந்து போகிறது என்பது வரியிலும் எதிரொலிக்கிறது. விற்பனையாளரே தள்ளுபடி அளித்து விலைப் பட்டியலில் குறித்தால், சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி குறைந்த விலைக்கே வரி. அத்தொகையை வேறொருவர் அவருக்கு ஈடு செய்தால், அதுவும் பொருளுக்குரிய பிரதிபலனாகிறது. வரி முழு மதிப்புக்கும் உண்டு. சந்தைத் தளங்கள் தள்ளுபடிச் செலவைத் தாமே ஏற்று, வேண்டிய விற்பனையாளரை மட்டும் தூக்கி நிறுத்துகின்றன என்ற சிறு வணிகர்களின் முறையீடு நீண்ட நாளாக உண்டு. 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், அந்நிய முதலீடு பெற்ற சந்தைத் தளங்கள் விற்பனை விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ பாதிக்கலாகாது என்றன. அத்தளங்களின் குழும நிறுவனங்கள் வாங்குவோருக்கு அளிக்கும் பணத் திருப்பமும் நியாயமானதாக, பாரபட்சமற்றதாக இருத்தல் வேண்டும்.

அண்மையில் கூப்பன் மீண்டும் உருமாறியுள்ளது. எவரும் பயன்படுத்தத்தக்க பொதுக் குறியீட்டுக்குப் பதில், ஒருவரின் முந்தைய கொள்முதல்களைக் கணித்து அவருக்கு மட்டும் ஒரு தள்ளுபடி காட்டப்படுகிறது. சிரமத்தின் இடத்தில் தகவல் சல்லடையாகிவிட்டது. அடுத்தடுத்து அமர்ந்து ஒரே பொருளைப் பார்க்கும் இருவருக்கு இரு விலைகள். ஒருவருக்கு மற்றவரின் விலை தெரியாது. ஒரே வகை நுகர்வோரிடையே பாகுபாடு காட்டுவதையும், அவர்தம் உரிமையைப் பாதிக்கும் வகையில் தன்னிச்சையாக வகைப்படுத்துவதையும் 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் தடுக்கின்றன. இத்தகைய தனிக் கூப்பனில் ‘ஒரே வகை’ என்பதை எவ்வாறு அளப்பது என்பதே விதிகளை நடைமுறைப்படுத்தும் அலுவலர் முன் நிற்கும் கேள்வி.