தீவுச் சொற்களின் பெருநிலப் பயணம்

1492-ஆம் ஆண்டு கொலம்பஸின் கப்பல்கள் சென்றடைந்த கரீபியன் தீவுகளில், குறிப்பாகக் கியூபாவிலும் எஸ்பானியோலாவிலும், அரவாக் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த தாயினோ மொழியே பெருவழக்காக இருந்தது. கொள்ளைநோயும் கட்டாய உழைப்பும் அம்மக்களைச் சிதைத்து, அவர்கள் மொழியையும் வழக்கொழியச் செய்தன. எழுத்து வழக்கில்லாத மொழியாதலால், அதைப் பற்றி இன்று அறியக்கூடியவற்றுள் பெரும்பகுதி ஸ்பானியர் எடுத்தாண்ட சொற்களின் வழியாகவே கிடைக்கிறது. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்யும் தோணியைக் குறித்த ‘கனோவா’, நெப்ரிஹா என்னும் இலக்கண ஆசிரியர் 1495-ஐ ஒட்டி வெளியிட்ட ஸ்பானிய–இலத்தீன் அகராதியிலேயே இடம்பெற்றுவிட்டது. தொங்கு படுக்கையான ‘அமாக்கா’வும் பெரும்புயலைச் சுட்டும் ‘உராக்கா’னும் அதே தீவுகளிலிருந்து வந்தவையே.

கண்டறியாத பொருளுக்கு அவ்விடத்துப் பெயரையே கொள்வது இயல்பு. ஆனால் அச்சொற்கள் தாம் பிறவாத நாடுகளிலும் கோலோச்சியது வியப்புக்குரியது. மெக்சிக்கோவின் அஸ்தேக்குத் தலைநகர் 1521-இல் வீழ்வதற்கும், 1532-இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ பெருவின் இன்கா அரசரைச் சிறைப்பிடிப்பதற்கும் முன்பே, ஸ்பானியர் ஒரு தலைமுறைக் காலம் தீவுகளில் வாழ்ந்து பழகியிருந்ததால், அங்கே கற்ற பெயர்களையே பெருநிலத்துக்கும் எடுத்துச் சென்றனர். மக்காச்சோளத்துக்கு அஸ்தேக்கரின் நாவட்ல் மொழியில் ‘சென்ட்லி’யும் இன்காக்களின் கெச்சுவா மொழியில் ‘சாரா’வும் இருந்தும், ஸ்பானியத்தில் நிலைத்தது தாயினோவின் ‘மைஸ்’ என்பதே. மெக்சிக்கோவின் ஆனைக்கற்றாழையும் ‘மெட்ல்’ என்ற தன் பெயரை விட்டு ‘மகேய்’ ஆயிற்று. பேரரசுகளின் மொழிகளைத் தீவு மொழி முந்திக்கொண்டதற்கு, முதலில் காதில் விழுந்தது என்பதைத் தவிர வேறு தகுதி தேவைப்படவில்லை.

தாயினோக் குடித்தலைவரைக் குறித்த ‘காசிக்கே’ இதற்குச் சிறந்த சான்று. இன்கா ஆட்சியில் ‘குராக்கா’ எனப்பட்ட தலைவரையும் ஸ்பானிய ஆட்சியாளர் இப்பெயராலேயே அழைத்தனர். பின்னர் இச்சொல் கடல் கடந்து, ஸ்பெயின் நாட்டுத் தேர்தல்களைத் தம் விருப்பப்படி ஆட்டுவித்த ஊர்ப் பெரும்புள்ளிகளுக்கு வசைப்பெயராகி, 1901-இல் ஸ்பானிய எழுத்தாளர் ஹோவாகின் கோஸ்தா அம்முறையைச் சாடிய நூலின் தலைப்பிலும் ஏறியது.

எல்லா இடத்திலும் தீவுச் சொல்லே வென்றதென்று கூறவியலாது. மிளகாய்க்குப் பெரு நாட்டவர் தாயினோவின் ‘அஹி’யை ஏற்க, மெக்சிக்கோவினர் நாவட்லின் ‘சில்லி’யிலிருந்து வந்த ‘சிலே’யைக் கைவிடவில்லை. உருளைக்கிழங்கிலோ இருமொழியும் கலந்தன: சர்க்கரைவள்ளிக்குரிய தாயினோவின் ‘பட்டாட்டா’வும் கெச்சுவாவின் ‘பாப்பா’வும் இணைந்த ‘பத்தாத்தா’ ஸ்பெயினில் வழங்க, இலத்தீன் அமெரிக்கர் இன்றும் ‘பாப்பா’ என்றே சொல்கின்றனர்.